பிரான்ஸ் கிராமத்து வீட்டில் பிரிட்டிஷ் சேனல்கள்: எந்த டிஷ், எந்தத் திசை, எந்தப் பெட்டி?

லெஸ்டரிலிருந்து பிரான்ஸின் லிமோஜ் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குக் குடிவந்திருக்கிறீர்கள். மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முன்பிருந்தவர் சுவரில் விட்டுப்போன டிஷ்ஷிலேயே பிபிசி, ஐடிவி வருமா? பிரிட்டனிலிருந்து கொண்டுவந்த, சந்தா இல்லாமல் பார்க்கும் ஃப்ரீசாட் பெட்டியும் அதன் சின்ன டிஷ்ஷும் போதுமா? இல்லை, ஸ்கை என்ற கட்டணச் சேவையின் சந்தாவைப் பழைய முகவரியிலேயே கட்டிக்கொண்டு அதன் அட்டையை இங்கே போட்டுப் பார்க்கலாமா? கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘அப்பாவுக்கு ஆறு மணிச் செய்தி தவறக் கூடாது, இங்கே இணைய வேகமும் போதவில்லை’ என்று. நீங்கள் உண்மையில் கேட்பது அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மாதச் செலவில்லாமல், யாரையும் ஏமாற்றாமல், மழை கொட்டுகிற நவம்பர் மாலையிலும் படம் உறையாமல் வர என்ன செய்ய வேண்டும் என்பதே கேள்வி. அதற்கே பதில் எழுதுகிறேன்.

எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவன் நான். லிமோஜையும் தோர்தோஞ்ஞையும் சுற்றிய கிராமங்களில் 15 ஆண்டுகளாக டிஷ் கட்டிக் கொடுக்கிறேன். பாதிக்கு மேல் பிரிட்டனிலிருந்து வந்து தங்கியவர்கள் வீடுகள். அந்த அனுபவத்தில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் இருக்கும் இடத்தில் பிபிசியும் ஐடிவியும் சேனல் 4-உம் சந்தா இல்லாமல் வரும். ஆனால் காசைப் பெட்டியில் போடாதீர்கள், டிஷ்ஷில் போடுங்கள். பிரிட்டனில் பெட்டிதான் முக்கியம், டிஷ் யாரோ வந்து மாட்டிவிட்டுப் போவது. இங்கே அது தலைகீழ். என்னைக் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது, மூன்றாவது பெட்டி வாங்கி ஏமாந்த பிறகே கூப்பிடுகிறார்கள். பழுது அநேகமாக எப்போதும் வீட்டுக்கு வெளியேதான் இருக்கும்.

காரணம், இந்தச் சேனல்களைச் சுமந்து வரும் செயற்கைக்கோள் கற்றை உங்களுக்காக அனுப்பப்படுவதல்ல. பிரிட்டிஷ் சேனல்கள் கிழக்குத் தீர்க்கரேகை 28.2 பாகையில், பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கும் அஸ்ட்ரா செயற்கைக்கோள்களிலிருந்து வருகின்றன. 2003-இல் பிபிசி தன் சேனல்களைச் சங்கேதப் பூட்டு இல்லாமல் அனுப்பத் தொடங்கியபோது அஸ்ட்ரா 2டி-க்கு மாறியது. அந்தக் கோளின் கற்றை பிரிட்டன் தீவுகளைக் குறிவைத்துக் குறுக்கப்பட்டிருந்தது. நிகழ்ச்சிகளுக்கான உரிமை பிரிட்டனுக்கு மட்டுமே வாங்கப்பட்டது என்பதால், பூட்டுக்குப் பதிலாகக் கற்றையின் எல்லையே வேலியானது. 2008 மே மாதம் பிபிசியும் ஐடிவியும் சேர்ந்து தொடங்கிய ஃப்ரீசாட் இதை நம்பியே நிற்கிறது. இப்போது அந்த வேலையைச் செய்பவை 2012-இல் ஏவப்பட்ட 2எஃப், 2013-இன் 2ஈ, 2014 கடைசியில் ஏவப்பட்ட 2ஜி. 2014 பிப்ரவரியில் சேனல்கள் 2ஈ-க்கு மாறியபோது, ஸ்பெயினில் பெரிய டிஷ் வைத்திருந்த ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நாளில் திரை இருண்டது. பிரான்ஸ் தப்பித்தது. ஆனாலும் நாம் இருப்பது கற்றையின் நடுவில் அல்ல. வடக்கிலிருந்து தெற்கே போகப் போகச் சிக்னல் மெலிகிறது.

எனவே அளவு. பிரான்ஸின் வடமேற்குப் பகுதிகளான நார்மண்டியிலும் பிரித்தானியிலும் 60 செ.மீ. டிஷ் போதும். உங்கள் பகுதியான லிமூஸானிலும் தோர்தோஞ்ஞிலும் நான் 80 செ.மீ.-க்குக் குறைத்துக் கட்டுவதில்லை. துலூஸுக்குக் கீழே 1 மீட்டர். நீஸ் பக்கமும் கோர்சிகாவிலும் அதற்கும் மேல் தேவைப்படலாம். முதல் இரண்டையும் உறுதியாகச் சொல்கிறேன். தெற்கைப் பற்றிச் சொன்னது நண்பர்கள் கட்டியதைப் பார்த்தும் கேட்டும் சொல்வது. அங்கே பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வேறுபடும். நீங்கள் கொண்டுவந்த டிஷ் அநேகமாக ஸ்கையின் சிறிய ஓட்டைவலை டிஷ். தெற்கு இங்கிலாந்துக்கு அவர்கள் தரும் அளவு ஏறத்தாழ 43 செ.மீ.தான் இருக்கும், ஸ்காட்லாந்துக்குத் தருவது 60. வெயில் நாளில் அது உங்கள் வீட்டிலும் படம் காட்டும். அதுதான் ஆபத்து, வேலை முடிந்துவிட்டது என்று நம்ப வைத்துவிடும். 60-இலிருந்து 80-க்குப் போனால் டிஷ்ஷின் பரப்பு ஏறக்குறைய 1.8 மடங்காகிறது, சிக்னலில் 2.5 டெசிபல் கூடுகிறது. எண்ணாகப் பார்த்தால் சின்னது. ஆனால் டிஜிட்டல் ஒளிபரப்பு பழைய ஆன்டெனா போலக் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளி விழுந்து மங்காது. ஒரு கோடு வரை துல்லியமாக இருக்கும், கோட்டைத் தாண்டியதும் சில்லு சில்லாக உடைந்து நின்றுவிடும். மழைத்துளிகள் இந்த அலைவரிசையை உறிஞ்சுகின்றன. அந்த 2.5 டெசிபல்தான் உங்கள் அப்பாவின் ஆறு மணிச் செய்திக்கும் மழைமேகத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி.

சுவரில் ஏற்கெனவே இருக்கும் டிஷ்ஷைப் பற்றிக் கேட்டீர்கள். அது பிரெஞ்சு சேனல்களுக்காக வைத்ததாகத்தான் இருக்கும்: ஒன்று 19.2 பாகைக் கிழக்கிலுள்ள அஸ்ட்ராவைப் பார்க்கும், அல்லது ஃப்ரான்சாட் என்ற பிரெஞ்சுச் செயற்கைக்கோள் சேவைக்காக 5 பாகை மேற்கைப் பார்க்கும். எந்தப் பெட்டியை இணைத்தாலும் அந்த இரண்டு நிலையிலும் பிபிசி வராது. அளந்து 80 செ.மீ. இருந்து, துருப்பிடிக்காமல், விளிம்பு நெளியாமல் இருந்தால் அதையே திருப்பிக்கொள்ளலாம். லிமோஜிலிருந்து கணக்கிட்டால் 28.2 பாகைக் கோள் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 145 பாகையில், அதாவது ஏறத்தாழ தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து 31 பாகை உயரத்தில் இருக்கிறது. 19.2-ஐப் பார்க்கும் டிஷ் என்றால் அதன் பின்னால் நின்று 11 பாகை இடப்பக்கம் திருப்பி, மூன்றரைப் பாகை தாழ்த்த வேண்டும். ஃப்ரான்சாட் டிஷ் என்றால் 44 பாகை திருப்ப வேண்டியிருக்கும். பெரும்பாலும் வீட்டுச் சுவரே குறுக்கே வந்துவிடும். பிரெஞ்சு சேனல்களையும் விட மனமில்லை என்றால் திருப்பாதீர்கள், தனியாக இன்னொரு டிஷ் வையுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் பிரெஞ்சு சேனல்கள் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து, மொழி காதில் ஏற அதைவிட எளிய வழி இல்லை.

டிஷ் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது வானத்தைப் பார்ப்பது. நம்மூர் மொட்டைமாடியில் டிடிஎச் டிஷ் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் கோள் அங்கே தலைக்கு மேல். அந்தப் பழக்கத்தில் இங்கே வந்தால் ஏமாந்துபோவோம். இங்கே கோள் தாழ்ந்து நிற்கிறது. போதாததற்கு இந்த டிஷ்கள் கீழிருந்து வரும் கொம்பின் நுனியில் சிக்னலை வாங்கும் எல்என்பி என்ற கருவியை வைத்து, வானத்தைப் பக்கவாட்டில் வாங்குபவை. அதனால் 31 பாகைக்குச் சரியாக வைத்த டிஷ் கிட்டத்தட்ட செங்குத்தாக, எதிர்வீட்டு ஜன்னலைப் பார்ப்பது போல நிற்கும். ‘இது எப்படி வானத்தைப் பார்க்கும்’ என்று அதை நிமிர்த்திவிட்டுச் சிக்னலை இழந்தவர்கள் உண்டு. தடைகளுக்கு எளிய கணக்கு ஒன்று: தென்கிழக்கில் 10 மீட்டர் தள்ளி நிற்கும் மரம் டிஷ்ஷின் மட்டத்துக்கு மேல் 6 மீட்டருக்குள் இருக்க வேண்டும்; 20 மீட்டர் தள்ளி என்றால் 12 மீட்டர். மரம் அந்த அளவைத் தொட்டுக்கொண்டு நின்றாலும் வேண்டாம், மரம் வளரும். என் தொழிலின் முதல் குளிர்காலத்தில், ஜனவரியில், இலை உதிர்ந்த கருவாலி மரங்களுக்கு ஊடாக ஒரு முதியவர் வீட்டில் டிஷ் கட்டினேன். படம் பளிச்சென்று இருந்தது. மே மாதம் கூப்பிட்டார், ஒன்றும் வரவில்லை. துளிர்த்த இலைகள் ஈரத்தோடு சிக்னலைக் குடித்துவிட்டன. கம்பத்தைப் பெயர்த்துத் தோட்டத்தின் வேறு மூலையில் நட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து குளிர்காலத்தில் கட்டினால் மொட்டைக் கிளையையும் சுவராகவே எண்ணுகிறேன்.

திசைகாட்டியும் கோணமானியும் இல்லாமலே இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஆண்டில் இரண்டு முறை சூரியன் சரியாக அந்தக் கோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. உங்கள் பகுதிக்கு அது மார்ச் 3-ஐ ஒட்டிய நாட்களில் காலை 11:05 சுமாருக்கும், அக்டோபர் 10-ஐ ஒட்டிய நாட்களில் காலை 11:40 சுமாருக்கும், உள்ளூர்க் கடிகாரப்படி. அந்த நேரத்தில் டிஷ் வைக்க நினைக்கும் இடத்தில் வெயில் விழுந்தால் பாதை திறந்திருக்கிறது. நிழல் விழுந்தால் அந்த இடம் ஆகாது. அந்த நாட்களில் டிஷ் ஏற்கெனவே கட்டியிருந்தால் சூரியனின் இரைச்சலால் சில நிமிடம் படம் உறையும். மறுவாரம் தானே போய்விடும், எதையும் தொடாதீர்கள்.

இடம் கிடைத்தபின் எதில் பொருத்துவது? லிமூஸான் வீடுகள் கருங்கல் வீடுகள். பார்க்க உறுதி, ஆனால் கல்லுக்கு நடுவே இருப்பது பழைய சுண்ணாம்புச் சாந்து. அதில் சாதாரண போல்ட் அடித்தால் முதல் புயலில் ஆடத் தொடங்கும். கல்லிலேயே துளையிட்டு, தூசி முழுவதும் ஊதி எடுத்து, ரெசின் ஊற்றிப் பொருத்தும் போல்ட்தான் நிற்கும். புகைபோக்கியில் நான் கட்டுவதே இல்லை. பழைய புகைபோக்கிகள் தம்மையே தாங்கிக்கொண்டு நிற்பவை, 80 செ.மீ. டிஷ் காற்றில் ஒரு பாய்மரம். உங்களுக்கு நிலம் இருக்கிறது, அதனால் என் யோசனை: தோட்டத்தில் 50 மி.மீ. இரும்புக் குழாய் ஒன்றைக் கான்கிரீட்டில் நடுங்கள். அரை மீட்டருக்குக் குறையாமல் ஆழம், குழாயின் அடியில் குறுக்குக் கம்பி ஒன்று பற்றவைத்தால் கான்கிரீட்டுக்குள் சுழலாது. தரையிலிருந்தால் ஏணி வேண்டாம், பனியைத் துடைப்பத்தால் தட்டிவிடலாம், கூரை ஓடு உடையாது. கான்கிரீட் இறுகுவதற்கு முன் ரசமட்டத்தை குழாயின் இரண்டு பக்கமும், ஒன்றுக்கொன்று குறுக்காக, வைத்துப் பாருங்கள். குழாய் செங்குத்தாக இருந்தால்தான் டிஷ்ஷின் பின்புறம் பொறித்திருக்கும் உயர அளவுகோல் உண்மை பேசும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். 50 மி.மீ. குழாயைச் சுற்றி ஒரு பாகை என்பது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 80 செ.மீ. டிஷ் பார்க்கும் வானத்தின் அகலம் இரண்டேகால் பாகை அளவுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு நகர்வில் கோள் போய்விடும் என்பது இதனால்தான்.

திசை பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். கடையில் கிடைக்கும் மலிவான பீப் கருவியை நம்பாதீர்கள். எந்தக் கோளைப் பார்த்தாலும் அது ஒரே மாதிரி கத்தும், வானத்தில் பல கோள்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு சின்ன டிவியையும் ஃப்ரீசாட் பெட்டியையும் நீட்டிப்புக் கம்பியோடு தோட்டத்துக்கே கொண்டுபோய், பெட்டியின் சிக்னல் திரையைத் திறந்துவைப்பதே வீட்டில் செய்பவருக்குச் சிறந்த வழி. உயரத்தை 31-இல் வைத்து, அந்த நட்டை மட்டும் இறுக்குங்கள். பிறகு தெற்கிலிருந்து தொடங்கிக் கிழக்கு நோக்கி, கட்டைவிரல் அகலத்துக்கும் குறைவாகத் தள்ளுங்கள். ஒவ்வொரு தள்ளலுக்கும் பின் கையை எடுத்துப் பத்து வரை எண்ணுங்கள். பெட்டிக்குச் சிக்னலைப் பிடித்து அடையாளம் காணச் சில விநாடிகள் தேவை. நிற்காமல் திருப்புகிறவர் கோளைக் கடந்துபோனதே தெரியாமல் போவார். ஒரு சுற்றில் கிடைக்கவில்லை என்றால் உயரத்தை ஒரு பாகை கூட்டியோ குறைத்தோ மறுபடி. அளவுகோல்கள் ஓரிரு பாகை பொய் சொல்லும்.

இங்கே பலர் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. 28.2 பாகையிலிருந்து பிரிட்டனுக்கான குறுகிய கற்றையோடு, ஐரோப்பா முழுவதற்குமான அகலக் கற்றையும் வருகிறது. சில செய்திச் சேனல்கள் அந்த அகலக் கற்றையில் வருகின்றன. டிஷ் சரியாக நிற்காவிட்டாலும் அவை பளிச்சென்று தெரியும். ‘சேனல் வந்துவிட்டது, பிபிசி மட்டும் வரவில்லை, பெட்டி பழுது’ என்று அங்கேயே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். கோளைக் கண்டுபிடிக்க அவற்றைப் பயன்படுத்துங்கள், ஆனால் கடைசி இறுக்கத்தை பிபிசி அல்லது ஐடிவி வரும் அலைவரிசையை வைத்தே செய்யுங்கள். எண்கள் அவ்வப்போது மாறுவதால் அன்றைய பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரையில் இரண்டு கோடுகள் தெரியும்: ஒன்று வலிமை, மற்றது தரம். வலிமையை மறந்துவிடுங்கள், அது இரைச்சலையும் சேர்த்தே அளக்கும். தரம்தான் மழையில் காப்பாற்றும். பக்கவாட்டில் உச்சம் கண்டு, பிறகு உயரத்தில் உச்சம் கண்டு, கடைசியாக எல்என்பி-யைக் கொம்பில் வைத்தபடியே இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி மூன்றாவது உச்சத்தைப் பாருங்கள். கற்றை மெலிந்த இடத்தில் இந்த மூன்றாவது படியில் கிடைக்கும் லாபம் பெரியது. பிரிட்டனில் யாருக்கும் அது தேவைப்படாததால் இங்கே வருகிறவர்கள் அதைச் செய்வதே இல்லை. நட்டுகளை இறுக்கும்போது தரம் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே மாறி மாறிக் கொஞ்சமாக இறுக்குங்கள்.

எல்என்பி சாதாரண யுனிவர்சல் வகையாக இருக்கட்டும். ஸ்கையின் பிந்தைய தலைமுறைப் பெட்டியான ஸ்கை க்யூ இருந்த வீட்டிலிருந்து கழற்றி வந்தது அகலப்பட்டை வகை. பழைய ஃப்ரீசாட் பெட்டிகளுக்கு அதனோடு பேசத் தெரியாது. ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யும் பெட்டி என்றால் இரட்டை எல்என்பி-யும் இரண்டு கேபிளும் வேண்டும். பின்னால் இன்னோர் அறைக்கும் கேட்பார்கள் என்று நினைத்தால் நான்கு வாய் உள்ளதையே வாங்குங்கள், விலை வித்தியாசம் அதிகமில்லை. கேபிள் 75 ஓம் செயற்கைக்கோள் வகை. இங்கே கடைகளில் 17 VAtC, 17 PAtC என்ற பெயரில் கேளுங்கள், கம்பத்திலிருந்து வீடு வரை மண்ணுக்குள் போகும் பகுதிக்குக் குழாய் போடுங்கள். வெளியே வரும் முனையில் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் மழைநீர் இணைப்புக்குள் வழியாது. நான் போய்ப் பார்க்கும் பழுதுகளில் பாதி, பச்சை பிடித்த ஓர் இணைப்புமுனைதான்.

இனி பெட்டி. உங்களுடையது எச்.டி. பெட்டியா என்று முதலில் பாருங்கள். 2024 ஜனவரி 8 அன்று பிபிசி செயற்கைக்கோளில் சாதாரணத் தெளிவுச் சேனல்களை நிறுத்திவிட்டது. எச்.டி. வாங்கத் தெரியாத முதல் தலைமுறைப் பெட்டிக்கு எவ்வளவு நல்ல டிஷ் வைத்தாலும் பிபிசி கிடைக்காது. எச்.டி. பெட்டியாக இருந்தால் புதிதாக எதுவும் வேண்டாம். தொடங்கும்போது அது ஒரு பிரிட்டிஷ் அஞ்சல் குறியீடு கேட்கும். எந்த வட்டாரச் செய்தி வேண்டும் என்பதற்காக மட்டுமே அது. லெஸ்டர் குறியீட்டையே கொடுத்தால் அப்பாவுக்குப் பழகிய ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் செய்தி வரும். நிகழ்ச்சி நேரங்கள் பிரிட்டன் நேரப்படி இருக்கும். ஆறு மணிச் செய்தி உங்கள் வீட்டில் ஏழு மணிக்கு. பிரிட்டிஷ் வானொலிகளும் அதே டிஷ்ஷில் 700-இலிருந்து தொடங்கும் எண்களில் வரும், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. மின்சாரம் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான், பிளக்குக்கு மட்டும் மாற்றி வேண்டும். பெட்டியே இல்லாதவர்கள், பிரான்ஸில் வாங்கிய டிவியின் உள்ளேயே செயற்கைக்கோள் சிக்னலைப் பெறும் ட்யூனர் இருந்தால் அதில் நேரடியாகத் தேடினாலும் இந்தச் சேனல்கள் கிடைக்கும். ஏழு நாள் நிகழ்ச்சிப் பட்டியல் வராது, எண் வரிசையை நாமே அடுக்க வேண்டும். அவ்வளவுதான் குறை.

ஸ்கை சந்தா விஷயத்தில் என் பதில் வேண்டாம் என்பதே. அட்டை தொழில்நுட்பரீதியாக இங்கே வேலை செய்யும், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒப்பந்தம் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குடியிருப்பவருக்கானது. காலி செய்த முகவரியைக் காட்டித் தொடர்வது பொய் சொல்வது. பயணத்தின்போது சந்தாவை எடுத்துச்செல்ல அனுமதித்த ஐரோப்பிய விதி 2018 ஏப்ரலில் வந்தது. 2021 தொடக்கத்திலிருந்து பிரிட்டனுக்கு அது பொருந்தவில்லை. அதுவும்கூடத் தற்காலிகப் பயணத்துக்குத்தான், குடியேற்றத்துக்கு அல்ல. நீங்கள் கேட்டிருக்கும் சேனல்கள் எவற்றுக்கும் அட்டை தேவையே இல்லை. பழைய ஸ்கை எச்.டி. பெட்டியை அட்டையில்லாமல் இணைத்தால்கூட அவை வரும், பதிவு செய்வது மட்டும் முடியாது. ஃப்ரீசாட்டுக்கு நீங்கள் உடைக்கிற பூட்டோ மீறுகிற ஒப்பந்தமோ இல்லை. பிரிட்டிஷ் டிவி உரிமம் பிரிட்டன் முகவரிகளுக்கானது. பிரான்ஸில் ஆண்டுக்கு 138 யூரோ கட்டிக்கொண்டிருந்த தொலைக்காட்சி வரியும் 2022-இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. இதெல்லாம் சொந்த வீட்டில் குடும்பத்தோடு பார்ப்பதற்கு. ஓர் அறையை விடுதியாக வாடகைக்கு விட்டு அங்கேயும் வைக்க நினைத்தால் கதை வேறு, அதற்கு உரிமக் கட்டணங்கள் உண்டு. அதைச் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள், டிஷ் கட்டுபவனிடம் அல்ல.

டிஷ் வைக்க அனுமதி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1 மீட்டருக்கு உட்பட்ட டிஷ் பெரும்பாலான கிராமங்களில் பிரச்சினையில்லை. அருகில் பட்டியலிடப்பட்ட தேவாலயமோ கோட்டையோ இருந்தால், அதைச் சுற்றி 500 மீட்டர் வட்டத்துக்குள் வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்றும் எதற்கும் ஒப்புதல் தேவைப்படலாம். மெய்ரி என்கிற ஊர் அலுவலகத்தில் போய் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். புதிதாக வந்த குடும்பம் முன்கூட்டியே வந்து கேட்டது என்ற நல்ல பெயரும் கிடைக்கும். வாடகை வீடானால் ஆன்டெனா வைக்கும் உரிமையை 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வாடகைதாரருக்குத் தருகிறது, ஆனால் உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

இணையத்தில் பார்க்கலாமே என்று உங்கள் மகன் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். பிபிசி ஐபிளேயரும் மற்றவையும் பிரிட்டனுக்கு வெளியே திறக்காது. 2024-இல் வந்த ஃப்ரீலி என்ற இணையவழிச் சேவையும் பிரிட்டனுக்கு மட்டும்தான். முகவரியை மறைக்கும் வழிகள் உண்டு. அவை அந்தச் சேவைகளின் விதிக்குப் புறம்பு, அடிக்கடி அடைபடவும் செய்யும். 80 வயதை நெருங்கும் ஒருவர் மாலையில் ரிமோட்டை அழுத்தினால் படம் வர வேண்டும் என்றால் டிஷ்தான்.

இது எத்தனை வருடம் ஓடும் என்று உறுதி கொடுக்க முடியாது. இந்த மூன்று கோள்களும் 15 ஆண்டு ஆயுளுக்கு வடிவமைக்கப்பட்டவை, ஏவிய ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள், இந்தப் பத்தாண்டின் கடைசியில் வந்து நிற்கும். கோள்கள் குறித்த ஆயுளைத் தாண்டி உழைப்பது வழக்கம்தான். ஆனால் மாற்றுக்கோள் வந்தால் அதன் கற்றை இன்னும் குறுகலாம், அகலலாம். ஸ்பெயினில் நடந்ததை நான் மறக்கவில்லை. அதனால்தான் விலையுயர்ந்த பெட்டி வேண்டாம் என்கிறேன். 80 செ.மீ. டிஷ்ஷும் நேராக நட்ட கம்பமும் வேறு எந்தக் கோளுக்கும் திருப்பிக்கொள்ளக் கூடியவை.

கான்கிரீட் போடுவதற்கு முன் எனக்கு இரண்டு அளவு எழுதி அனுப்புங்கள்: தோட்டத்தின் தென்கிழக்கில் நிற்பதாகச் சொன்ன அந்தக் கஷ்கொட்டை மரத்தின் உயரம், கம்பம் நட நினைக்கும் இடத்திலிருந்து அதன் தூரம். மரத்தை வெட்ட வேண்டியிராது என்றுதான் நினைக்கிறேன். கம்பத்தைச் சில மீட்டர் தள்ளி நட்டாலே போதுமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.